ஒரு டிரே மாம்பழத்தின் பின்னால் நடந்து பாருங்கள்

பெரியகுளம் வட்டாரத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நடத்திவரும் இயக்குநர்களுக்கும், அவற்றில் பங்கு எடுத்திருக்கும் மா விவசாயிகளுக்கும், கொட்டகையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். சோத்துப்பாறை போகிற பக்கம் அப்பா வைத்த தோப்பு இருக்கிறது. காசாலட்டும் கல்லாமையும் பாதி, மீதி செந்தூரமும் பங்கனபள்ளியும். ஊர் திரும்புவதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் சென்னையில் இருந்தேன். அங்கே நான் செய்த வேலையைச் சொன்னால் நம் ஊரில் பலருக்கு அது ஒரு வேலையா என்று தோன்றும். ஒரு வங்கியில் கடன் கேட்டு ஒருவர் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது, எதற்காகத் திரும்பி வருகிறது என்று கூடவே போய்ப் பார்த்து, படமாக வரைந்து, எந்த இடத்தை மாற்றலாம் என்று எழுதிக் கொடுப்பேன். வங்கி, ஆஸ்பத்திரி, துணி ஆலை, லாரி ஆபீஸ் என்று பல இடங்களில் இதையே செய்திருக்கிறேன்.

இந்த மடலை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அடுத்த சீசனுக்குள் சாஃப்ட்வேர் போடலாம், தரம் பிரிக்கும் மெஷின் வாங்கலாம், விவசாயிகளுக்கு மொபைல் ஆப் கொடுக்கலாம் என்று பல நிறுவனங்களில் பேச்சு நடக்கிறது. சில இடங்களில் கொட்டேஷன்கூட வாங்கிவிட்டார்கள். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு டிரே மாம்பழம் மரத்திலிருந்து வண்டி ஏறும்வரை அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

போன வருஷம் மே மாதம் நான் அப்படி நடந்தேன். எந்தக் கொட்டகை என்பதை எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் முதுகு ஒடிய வேலை பார்க்கிறவர்கள், ஒருவர் மேலும் எனக்குக் குறையில்லை. என் தோப்பு டிரே ஒன்றில் சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டு, ஒரு நோட்டும் பேனாவுமாகக் கூடவே போனேன்.

காலை 6.15-க்குக் காம்போடு பறித்தார்கள். பால் வடிவதற்காகக் காம்பு கீழே பார்க்கும்படி முக்கால் மணி நேரம் கவிழ்த்து வைத்தோம். பால் பட்ட இடம் தோல் கறுத்துவிடும், விலையில் பாதி போய்விடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். குட்டியானையில் ஏற்றிக் கொட்டகைக்கு வந்தபோது மணி 8.20. அங்கே வரிசை. எடை மேடைக்கு டிரே போன நேரம் 11.05. எடை போட ஆனது இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. தரம் பிரிக்கும் மேசைக்கு வந்தது பகல் 1.30-க்கு. அக்காமார் நாலு பேர் பத்து நிமிஷத்தில் பிரித்து முடித்துவிட்டார்கள். அதன்பின் சிட்டையில் கையெழுத்துப் போட வேண்டியவர் வங்கிக்குப் போயிருந்தார், 3.15-க்கு வந்தார். வண்டி ஏறியது மாலை 5.40-க்கு.

கொட்டகைக்குள் அந்த டிரே இருந்தது 9 மணி 20 நிமிஷம். மனிதக் கை அதன்மேல் பட்ட நேரத்தையெல்லாம் கூட்டினால் அரை மணிகூட வரவில்லை. மற்ற நேரமெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே சும்மா இருந்தது. மூன்று மணிக்கு டிரேக்குள் கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. வங்கியில் ஒரு காகிதம் ஒன்பது மணி நேரம் காத்திருந்தால் காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது. மாங்காய் பறித்த பிறகும் மூச்சு விடுகிற பொருள். சூடு ஏற ஏற மூச்சு வேகமாகும், நீர் வற்றும், பழுப்பதும் முந்தும். கோயம்புத்தூர் கடையில் மூன்று நாள் தாங்க வேண்டிய பழத்தின் ஆயுளில் ஒரு பங்கை நாம் நம் கொட்டகையிலேயே செலவழித்துவிடுகிறோம். வாங்குகிறவர் விலையைக் குறைக்கும்போது வருத்தப்படுகிறோம், அந்த விலை காலை 8.20-க்கும் 11.05-க்கும் நடுவில் குறைந்ததை யாரும் பார்ப்பதில்லை.

எடை மேடையில் இருந்த தம்பியிடம் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். "அண்ணே, எடை போடுறது நிமிசம்தான். பேரு கேட்டு, அப்பா பேரு கேட்டு, ஊரு கேட்டு எழுதுறதுதான் நேரம். ஒரே பேர்ல ஏழு பேரு இருக்காங்க" என்றான். நான் மூன்று மணி நேரம் நின்று கண்டுபிடிக்காததை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். அவனை யாரும் அதுவரை கேட்கவில்லை.

அதே சீசனில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஒரு பாட்டி பணம் கேட்டு வந்திருந்தார். சுருக்குப் பையிலிருந்து எட்டாக மடித்த சிட்டையை எடுத்து விரித்தார். அதில் 412 கிலோ. கொட்டகை நோட்டில் 421. கம்ப்யூட்டரில் 412, ஆனால் வேறொருவர் பெயரில். ஒரே எடையை மூன்று இடத்தில் மூன்று பேர் எழுதியதால் வந்த குழப்பம். மூன்றும் பொருந்தினால்தான் பணம் போடலாம் என்பது விதி, விதியில் தப்பில்லை. "நாலு தரம் வந்துட்டேன்ப்பா, பஸ்சு காசுக்கே பழம் போச்சு" என்றார் அவர். அவர் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் இல்லை, முதலாளிகளில் ஒருவர். உற்பத்தியாளர் நிறுவனச் சட்டப்படி ஆளுக்கு ஒரு வாக்கு, பத்து ஏக்கர்காரருக்கும் அவருக்கும் அதே ஒன்று. தன் சொந்தக் கம்பெனியின் வாசலில் அவர் நாலு முறை வந்து நின்றார்.

இந்த மாதிரி விஷயங்களைப் படமாக வரைந்து பார்க்கும் முறை பழையது. அதைத் தொடங்கிவைத்தவர் படித்த பொறியாளர்கூட இல்லை, செங்கல் வேலை பார்த்த கொத்தனார். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரத் என்பவர் 17 வயதில் கட்டட வேலைக்குப் போனார். ஒரு கல்லை எடுத்து வைக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் குனிந்து நிமிர்வதைக் கவனித்தார். 18 அசைவுகளில் நடந்த வேலையை ஐந்துக்குக் கொண்டுவந்தார். கல் அடுக்கும் பலகையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றியதுதான் அதில் பெரிய பங்கு. கொத்தனார் கல்லுக்காகக் குனியத் தேவையில்லாமல் போனது. பிறகு அவரும் மனைவி லில்லியனும் சேர்ந்து ஒரு பொருள் போகும் பாதையைக் குறிகளால் வரையும் முறையை உருவாக்கி, 1921-ல் இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வைத்தார்கள். 1947-ல் அது ஐந்து குறிகளாக நிலைபெற்றது. வட்டம் என்றால் வேலை. அம்பு என்றால் நகர்த்துவது. சதுரம் என்றால் சரிபார்ப்பது. தலைகீழ் முக்கோணம் என்றால் இருப்பில் வைப்பது. ஆங்கில 'டி' எழுத்து என்றால் காத்திருப்பது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் இதற்கு எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன, பெரிய கம்பெனிகளுக்கு அவை தேவைதான். நம் கொட்டகைக்கு ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

என் டிரேயின் கதையை அப்படி வரைந்து கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். வட்டங்கள் ஆறு வந்தன. 'டி'க்கள் ஏழு. படிக்கத் தெரியாத அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, சோலிய விடக் காத்துக் கிடக்கறதுதான் நெறைய இருக்கு" என்றார்.

இதையெல்லாம் எங்கோ ஜப்பானில் கார் செய்கிறவர்களுக்குச் சொன்னது என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதன் ஆகச் சிறந்த உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அங்கேதான் கண் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். 1985-ல் தேனியிலும் மருத்துவமனை வந்தது.

அங்கே உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைத் தயார்செய்து வைத்துவிடுவார்கள். முதலாவது முடிந்ததும் மருத்துவர் திரும்பினால் போதும், நுண்ணோக்கியும் கூடவே திரும்பும். பார்வை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, ஆபரேஷனுக்குத் தயார்செய்வது, முடிந்தபின் கவனிப்பது எல்லாம் இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற பெண்கள் கையில். பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகள். வேகமாக வெட்டச் சொல்லி அங்கே யாரும் மருத்துவரை விரட்டுவதில்லை. அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் தோளிலிருந்து இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால்தான் ஒருவர் வருஷத்துக்கு 2000 ஆபரேஷன்வரை செய்ய முடிகிறது. பணம் கட்டுகிறவர்களின் வரவிலேயே பணம் இல்லாதவர்களுக்கும் பார்வை கொடுக்க முடிகிறது.

நம் கொட்டகையில் அந்த மருத்துவரின் இடத்தில் இருப்பது எடை மேடை. எல்லா டிரேயும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும், இருப்பதோ ஒன்று. அங்கே நிற்கும் தம்பியைப் பெயர் கேட்டு எழுதவும், பேனா தேடவும், டீ வாங்கி வரவும் விட்டால், அந்த நிமிஷங்களில் மொத்தக் கொட்டகையும் நிற்கிறது. தரம் பிரிக்க நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேரைப் போட்டாலும், லட்சக்கணக்கில் கொடுத்து மெஷினே வாங்கினாலும், டிரே வெளியே போகும் நேரம் மாறாது. மேடையிலிருந்து வருவதைத்தானே அவர்கள் பிரிக்க முடியும்? 1961-ல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த ஒரு கணக்கு உண்டு. கொட்டகையில் சராசரியாக 90 டிரே தேங்கி நிற்கிறது, மணிக்கு 30 டிரே முடிகிறது என்றால், ஒவ்வொரு டிரேயும் சராசரியாக 3 மணி நேரம் காத்திருக்கும். வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

அரவிந்த் கதையில் என்னை அதிகம் தொட்டது ஆபரேஷன் அறை இல்லை, அதற்கு வெளியே நடந்தது. ஆரம்ப நாட்களில் ஊர் ஊராக முகாம் போட்டு, கண்புரை இருப்பவர்களிடம் ஆபரேஷன் இலவசம், வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பெரும்பாலோர் வரவில்லை. அறியாமை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பஸ் செலவுக்குக் காசில்லை, கூட வர ஆளில்லை, வந்தவருக்கு அன்றைய கூலி போகும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது, பயமாக இருக்கிறது என்று பதில் வந்தது. ஆபரேஷன் இலவசமாக இருந்தும் ஆபரேஷனுக்குப் போகும் வழி இலவசமாக இல்லை. அதன்பின் முகாம் நடந்த அன்றைக்கே பஸ்ஸில் சேர்த்துக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அதிலும் ஒரு குறையைக் கண்டார்கள். கண்ணில் கோளாறு இருப்பவர்களில் மிகச் சிலர்தான் முகாமுக்கே வருகிறார்கள். அதனால் நிரந்தரமாக ஊரிலேயே சிறு கண் மையங்களை வைத்தார்கள். போடி போன்ற நம் மாவட்டத்து ஊர்கள்தான் அதற்கு முன்னோடி, நம் பெரியகுளத்திலும் ஒரு மையம் இருக்கிறது. 2000-களின் நடுவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் வந்து, கிலோமீட்டர் கணக்கில் எட்டும் வைஃபை இணைப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதித்துப் படம் அனுப்ப, தேனியிலிருந்து மருத்துவர் திரையில் பேசினார்.

கருவி எப்போது வந்தது என்று பாருங்கள். எங்கே ஆட்கள் உதிர்ந்துபோகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த இடத்தை அடைக்க வந்தது.

போடியில் ஏலக்காய்க்கு 2007-ல் மின்னணு ஏலம் வந்ததும் அப்படியே. கம்ப்யூட்டர் அங்கே வெறுந்தரையில் இறங்கவில்லை. எத்தனை மூட்டை ஒரு லாட், மாதிரி எப்படி எடுப்பது, எடை எங்கே, யாருக்கு உரிமம் என்பதெல்லாம் 1987-ஆம் ஆண்டு விதிகளிலும் அதற்குமுன் வியாபாரப் பழக்கத்திலும் படிந்து கிடந்த பாதை. அதன் மேல்தான் திரை வைக்கப்பட்டது. மைக்கேல் ஹேமர் என்ற பேராசிரியர் 1990-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதிய பெயர்பெற்ற கட்டுரை ஒன்றின் சாரமும் இதுதான்: வேண்டாத வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றாதே, முதலில் அந்த வேலையை அழி. ஒரே எடையை மூன்று இடத்தில் எழுதும் கொட்டகையில் சாஃப்ட்வேர் வந்தால், அது நான்காவது இடமாகும். அந்தப் பாட்டி ஐந்தாம் முறையும் வர வேண்டியிருக்கும்.

போன சீசன் முடிய பத்து நாள் இருக்கும்போது, அந்தக் கொட்டகைக்காரர்கள் சம்மதித்து மூன்று காரியம் செய்து பார்த்தார்கள். பங்குதாரர் எண்ணைத் தோப்பிலேயே அட்டையில் எழுதி ஒவ்வொரு டிரேயிலும் கட்டிக்கொண்டு வரச் சொன்னோம். பெயர் கேட்கும் வேலை போனது. எடையை ஒரே தரம், மூன்று தாள் கார்பன் சிட்டையில் எழுதினோம்: ஒன்று விவசாயிக்கு, ஒன்று டிரேக்கு, ஒன்று கணக்குக்கு. கையெழுத்துப் போடும் உரிமையை எடை மேடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே கொடுத்தார்கள். காலையில் வந்த பழம் பகல் சாப்பாட்டுக்கு முன் வண்டி ஏறியது. மொத்தச் செலவு அட்டைக்கும் நூலுக்கும் சிட்டைப் புத்தகத்துக்கும் கொடுத்த காசு.

நான் சொன்ன இன்னொரு யோசனை தோற்றது. லட்சுமிபுரம் பக்கத்தார் இந்த நேரம், தேவதானப்பட்டிப் பக்கத்தார் அந்த நேரம் என்று பங்கிட்டுக் கொடுத்தேன். இரண்டாம் நாளே குலைந்தது. பறிப்பு ஆட்கள் ஒரே குழுவாகத் தோப்பு தோப்பாகப் போகிறார்கள், அவர்கள் வரும் நேரம்தான் பழம் வரும் நேரம். இதை எனக்குச் சொன்னவர் பறிப்பு மேஸ்திரி. அவரைக் கேட்காமலே படம் வரைந்திருந்தேன், அதனால் படம் தப்பு. அவரை உட்காரவைத்துத் திரும்ப வரைந்தோம். அவர் குழு எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் கொட்டகைக்கு வண்டி வரும்படி மாற்றியபின் சரியானது. இருபது வருஷ அனுபவமும் அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டது.

இயக்குநர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இந்த வேலையைக் கையில் எடுக்கும்போது கடிகாரத்தை மனிதர்கள் மேல் திருப்பாதீர்கள். 1911-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி வேலை செய்யும் நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க வந்தபோது வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். பிறகு அரசுத் தொழிற்சாலைகளில் அப்படி அளப்பதற்கு நாடாளுமன்றமே பல ஆண்டுகள் தடை வைத்திருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. என் நோட்டில் நான் எழுதியது டிரேயின் நேரம். தரம் பிரிக்கும் அக்கா ஒரு பழத்துக்கு எத்தனை நொடி எடுத்தார் என்று எங்கும் எழுதவில்லை, எழுதவும் கூடாது. அவர் எத்தனை மணி நேரம் பழம் வராமல் காத்திருந்தார் என்று எழுதுங்கள். லோடுமேன் மெதுவாகத் தூக்குகிறார் என்று எழுதாதீர்கள், எத்தனை தடவை ஒரே டிரேயை இடம் மாற்றச் சொன்னோம் என்று எழுதுங்கள். காத்திருப்பு குறைந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது என்று அவர்கள் கூலியைக் குறைத்தால், அடுத்த முறை உங்களிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். சொல்லவும் வேண்டியதில்லை.

நேரமும் அதிகம் இல்லை. 2020-ல் ஒன்றிய அரசு 10,000 உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய்வரை உதவி என்று வைத்தது. அதில் வந்த நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டு முடிந்ததும் அந்தப் பணம் நின்றுவிடும். அதற்குப்பின் மேலாளர் சம்பளமும் கரண்ட் பில்லும் நம் கொட்டகையிலிருந்து வர வேண்டும். முருங்கையிலும் தக்காளியிலும் பி.கே.எம். என்ற எழுத்தைப் போட்டு நம் ஊர் விதை எங்கெங்கோ போயிருக்கிறது. அந்த ஊரின் மாம்பழம் தகரக் கூரைக்குக் கீழே வதங்கித் தரகுக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். சித்திரை பிறப்பதற்கு முன், பறிப்பு சூடு பிடிக்காத ஒரு நாளில், உங்கள் கொட்டகையில் கூட்டம் போடுங்கள். இயக்குநர்கள் மட்டும் உட்காரும் கூட்டமாக வேண்டாம். எடை போடும் தம்பி, தரம் பிரிக்கும் அக்காமார், லோடுமேன், பறிப்பு மேஸ்திரி, வண்டிக்காரர், கணக்கு எழுதும் பிள்ளை எல்லோரும் வர வேண்டும், அன்றைய கூலியோடு. போன சீசனில் பணம் தாமதமான நாலைந்து பேரின் சிட்டைகளை எடுத்து வையுங்கள். சார்ட் பேப்பரும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன், அதற்கு எனக்கு எதுவும் தர வேண்டாம். எந்த நிறுவனமாக இருந்தாலும் வருகிறேன், நான் பங்குதாரராக இல்லாத இடத்துக்கும் வருகிறேன். சுருக்குப் பையில் சிட்டை வைத்திருந்த அந்தப் பாட்டியையும் கூட்டிவர ஏற்பாடு செய்திருக்கிறேன். முதல் வட்டத்தை அவர் போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பங்குதாரர்களில் ஒருவன்,
பெரியகுளம்.